ரெண்டு பேர் வண்டி

கென்சாகு,

சாதம் குக்கரில் இருக்கிறது. மிசோ சூப்பைக் கொதிக்க விடாதீர்கள், சூடு பண்ணினால் போதும். நானும் நாகியும் ரயிலில் அம்மா வீட்டுக்குப் போகிறோம். சாவி தபால் பெட்டிக்குள்.

காலையில் பட்டறை குராமோச்சி போன் செய்தார். ஒரே உற்சாகம். "அண்ணி, சில்வியா கார் எஃப்.சி. பாஸ் ஆயிடுச்சு! பின் சீட்டை எடுத்துட்டு இரும்புக் கூண்டு போட்டாச்சு. இனிமே ரெண்டு பேர் வண்டின்னு பதிவையே மாத்திட்டோம். ரேஸ் டிராக்ல சும்மா பறக்கும் பாருங்க!"

பின் சீட்டைக் கழுவக் கொடுத்திருப்பதாகத்தானே நேற்று சொன்னீர்கள்?

ஒவ்வொரு எஃப்.சி.க்கும் சத்தம் போடும் சைலன்சரைக் கழற்றிவிட்டு, கம்பெனி சைலன்சரை மாட்டுவீர்கள். மறுநாளே திரும்ப மாற்றுவீர்கள். துணி காயப்போடும் பால்கனியில் அந்தக் கரி பிடித்த குழாய் கிடந்தபோதும் நான் வாயைத் திறக்கவில்லை. புது டர்போ வாங்கியிருந்தால்கூடச் சண்டை போட்டுவிட்டுச் சமாதானம் ஆகியிருப்பேன். இந்த வீட்டில் நாம் மூன்று பேர், கென்சாகு.

போன் ஸ்பீக்கரில் இருந்தது. நாகி எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "பரவாயில்லம்மா, நீயும் அப்பாவும் வண்டில போங்க. நான் நடந்து வரேன்" என்றாள்.

எப்போது வருவோம் என்று தெரியாது. போன் செய்ய வேண்டாம்.

சயோகோ

வறுத்த மீன் ஃப்ரிட்ஜில் மேல் தட்டில் இருக்கிறது. இன்றே சாப்பிட்டுவிடுங்கள்.

நாகியின் குழந்தை சீட்டை வாசலில், செருப்பு அலமாரி பக்கத்தில் வைத்திருக்கிறேன். அதை மாட்ட ஓர் இடம் கிடைத்த பிறகு போன் செய்யுங்கள்.