வெள்ளிக்கிழமைச் சுறா வறை

பரந்தன்
ஞாயிற்றுக்கிழமை

என்ர மகள் தாட்சாயினிக்கு அம்மா எழுதுறது. நானும் அப்பாவும் தங்கச்சியும் சுகம். உன்ர சுகத்தைக் கேக்கத் தேவையில்லை, போனில நீ மூக்குறிஞ்சினது பரந்தன் வரைக்கும் கேட்டது. அந்தக் கொட்டகலைக் குளிருக்கை ஈரத் தலையோட படிக்கப் போகாதை எண்டு எத்தினை தரம் சொல்லுறது. இஞ்ச வெயில் கொளுத்துது, வயலுக்கு மெசின் வந்து வெட்டி முடிஞ்சுது, அப்பா ரோட்டுக்கரையில நெல்லைக் காயப்போட்டிட்டு மாட்டுக்குக் காவல் நிக்கிறார். உன்னோட போனில கதைக்கேலாது, நான் ஒண்டு தொடங்க முதல் அம்மா அம்மா எண்டு குறுக்க விழுவாய், பிறகு வகுப்புத் தொடங்குது எண்டு வைச்சிடுவாய். கடிதத்துக்கு நடுவில வாய் வைக்கேலாதுதானே, அதான் எழுதுறன். நீ போகவேண்டாம் எண்டு சொன்ன பள்ளிக்கூடத்துக்கு நான் போனனான். கோவிக்கிறதெண்டா முழுக்க வாசிச்சிட்டுக் கோவி.

பக்கத்து வளவுக்கு முல்லைத்தீவுக் கரையிலயிருந்து புனிதமலர் எண்டு ஒரு பிள்ளை வாடகைக்கு வந்திருக்கிறா எண்டு சொன்னனான். புருசன் கடலுக்குப் போறவர், ஞாயிறிலதான் வந்து போவார். புனிதம் கார்மெண்ட்ஸ் பஸ்சைப் பிடிக்க விடிய முன்னமே ஓடவேணும். மகள் யூலியானா உன்ர தங்கச்சி யதுவோட ஒரே வகுப்பு, அஞ்சாம் ஆண்டு. வந்த புதுசில அந்தப் பிள்ளை பள்ளிக்கூடத்துக்கு வெறும் பிஸ்கட் கொண்டு போறதைக் கண்டிட்டு, எனக்கு ஒரு பிள்ளைக்கு அவிக்கிற புட்டு ரெண்டு பிள்ளைக்குக் காணாதோ, பெட்டியைத் தா எண்டு நான்தான் பறிச்சு வாங்கினனான். அண்டையிலயிருந்து ரெண்டு பேருக்கும் நான்தான் கட்டுறது. புனிதத்துக்கு அது மனசில கிடந்து அரிச்சுக்கொண்டே இருந்திருக்கு. போன வெள்ளிக்கு முதல் வெள்ளி அவவுக்கு லீவு. அக்கா நீங்கள் நாளைக்குக் குசினிப் பக்கம் போகாதேங்கோ, ரெண்டு பேருக்கும் நான் கட்டுறன் எண்டு முதல்நாள் பின்னேரம் வந்து நிண்டா. நான் சொன்னன், நாளைக்கு வெள்ளி, தெரியுந்தானே எண்டு. ஓம் அக்கா, தெரியாமலோ, எங்களுக்கும் தவக்காலமெல்லோ எண்டா. எனக்கு மனம் குளிர்ந்து போச்சு, அட, அவையளும் எங்களைப்போல வெள்ளியைக் காக்கிறவை எண்டு.

அவை வேதக்காரர், காக்கிறது இறைச்சியை மட்டும், பிள்ளை! மீன் தின்னலாம். அவா பயபத்தியா, புருசன் பஸ்சில குடுத்துவிட்ட சுறாவை அவிச்சு, முள்ளெடுத்து, தேங்காய்ப்பூவும் வெங்காயமும் போட்டு வறை வறுத்து, புட்டுக்கு மேல வைச்சு அனுப்பிப்போட்டா. உனக்குத் தெரியுந்தானே, அந்தப் பள்ளிக்கூடத்தில வெள்ளி எண்டா ஒருத்தரும் மீன் மச்சம் கொண்டு போறேல்லை, வளவுக்குள்ளயே பிள்ளையார் இருக்கிறார். ஒருத்தரும் எழுதி ஒட்டேல்லை, எல்லாருக்கும் தெரியும். கரையிலயிருந்து வந்ததுக்கு எப்பிடித் தெரியும்? இவளவை இடைவேளைக்கு வட்டமா இருந்து ஆளுக்கொரு வாய் மாத்திச் சாப்பிடுறவளவை. சுறா வறை பாத்தா தேங்காய் வறை மாதிரித்தானே கிடக்கும், வட்டம் முழுக்கச் சுத்தி வந்திட்டுது. பூசைக்குத் தேவாரம் பாடப்போற ஞானேஸ்வரியின்ர மகளும் ரெண்டு வாய் வாங்கித் திண்டிட்டாள். பிறகுதான் ஆரோ, எடியே இது மீனடி எண்டு கத்தியிருக்கிறாள். விமலேஸ்வரி ரீச்சர் ஓடிவந்து, பாடுற பிள்ளையை வாய் கொப்பளிக்க விட்டிட்டு, யூலியானாவைப் பெட்டியோட தண்ணிப் பைப்படியில தனிய இருத்திப்போட்டா. இனி ஆரும் ஆருக்கும் குடுக்கவும் கூடாது வாங்கவும் கூடாது எண்டு சட்டம் வேற.

திங்களும் செவ்வாயும் அந்தப் பிள்ளை பைப்படியிலதான். நான் கட்டின புட்டு கட்டின மாதிரியே திரும்பி வந்துது. புதன் வயித்துக்குத்து எண்டு படுத்திட்டாள். நான் போய்ப் போர்வையை இழுத்துக் கேட்டன், வயித்துக்குத்தும் இல்லை ஒண்டும் இல்லை, என்னை மீன்பெட்டி எண்டு கூப்பிடுறாளவை பெரியம்மா, நான் அப்பாவோட கரைக்கே போறன், கருவாடு காயப்போடப் படிப்புத் தேவையில்லைத்தானே எண்டாள். தாயும் கண்ணைத் துடைச்சுக்கொண்டு, விடுங்கோ அக்கா, ஞாயிறு இவர் வரேக்கை அனுப்பிவிடுறன் எண்டுறா. ஒரு சுறா வறைக்கு ஊரை விட்டு ஓடுறதோ எண்டு ரெண்டு பேருக்கும் பேசிப்போட்டு வந்து எங்கட துரைச்சாணி யதுவைப் பிடிச்சன். நீயும் அதே பெட்டிச் சாப்பாடுதானேடி திண்டனி, நீ ஏன் பைப்படிக்குப் போகேல்லை எண்டு கேட்டா, ரீச்சர் பேசுவா எண்டு நிலத்தைப் பாக்கிறாள். அண்டைக்குத்தான் நீ போன் எடுத்தாய். அம்மா போகாதேங்கோ, அவா எனக்குப் படிப்பிச்சவா, நாளைக்கு நான் ரீச்சரா அதே பள்ளிக்கூடத்துக்கு வரவேண்டியிருக்கும், யதுவுக்கு ஸ்கொலர்ஷிப் வருசம் எண்டெல்லாம் அடுக்கினாய். நீ சொன்னது பிழை எண்டு நான் சொல்லேல்லை. ஆனா ஞாயிறு வந்தா அந்தப் பிள்ளை போயிடும், அதுக்குள்ள எனக்கு ஆறி இருந்து யோசிக்க ஏலாது.

வியாழன் நெல்லுத் தூசியோடயே சைக்கிளை எடுத்துக்கொண்டு போனன். ரீச்சர் மரியாதையாத்தான் கதிரை போட்டா. பிறகு சொன்னா, ஜெயரூபி, நீ ஒன்பதாம் வகுப்போட விட்டிட்டுப் போனனி, பள்ளிக்கூடம் நடத்திற கஷ்டம் உனக்குத் தெரியாது எண்டு. எனக்குச் சுருக்கெண்டுதான் குத்திச்சுது. நான் சொன்னன், ஓம் ரீச்சர், அதாலதான் வந்தனான், பள்ளிக்கூடத்தை விடுறது எப்பிடித் தொடங்கும் எண்டு எனக்குத் தெரியும், முதல் ஒருநாள் வயித்துக்குத்து எண்டு படுக்கிறது, பிறகு கூப்பிட ஒருத்தரும் வராட்டி அவ்வளவுதான். வெள்ளி வெள்ளிதான், அதை மாத்தச் சொல்லி வரேல்லை, பிள்ளையைப் பைப்படியிலயிருந்து எழுப்புங்கோ எண்டன். அவா பெருமூச்சு விட்டிட்டு, ஞானேஸ்வரி வந்து கத்தின கத்து நீ கேக்கேல்லை, நான் எழுப்பினா அவா திரும்ப வருவா எண்டா. பாவம், அவவும் எல்லாப் பக்கத்தாலயும் இடி வாங்கிறவாதான். சரி எண்டு சைக்கிளைத் திருப்பி நேர ஞானேஸ்வரி வீட்டை விட்டன். அவா விளக்குமாறோட முத்தத்தில நிண்டவா, எனக்கு அடிக்கத்தான் வைச்சிருக்கிறாவோ எண்டு யோசிச்சன். வெள்ளிக்கிழமையில கை வைக்க விடமாட்டன் எண்டு முதல் ஒரு கத்து. கை வைக்கேல்லை, தெரியாமல் நடந்தது, இனி வெள்ளி எண்டா நான்தான் கட்டுவன், ஆனா அந்தப் பிள்ளை மூண்டு நாளாப் பைப்படியில கிடந்து இப்ப படிப்பையே விடப்போகுது எண்டு நானும் கத்தினன். மனுசி விளக்குமாறைக் கீழ போட்டிட்டா. நான் பூசையைத்தான் கதைச்சனான், பிள்ளையைத் தள்ளி வை எண்டு ஆருக்குச் சொன்னனான் எண்டு கேட்டா. பிறகு குரலைக் குறைச்சு, என்ர சனியன் ரெண்டு நாளா அந்த வறை வேணும் எண்டு உயிரை எடுக்கிறாள், எப்பிடி வறுக்கிறது எண்டு அந்தப் பிள்ளையின்ர தாயைக் கேட்டுச் சொல்லு, செவ்வாய் வெள்ளி இல்லாத நாளில செய்யிறன் எண்டா. சிரிப்பை அடக்கிக்கொண்டு வந்தன்.

அவா அப்பிடிச் சொன்னாலும் ரீச்சர் எழுப்புவாவோ மாட்டாவோ எண்டு ஆருக்குத் தெரியும். அதால வெள்ளி விடிய புட்டும் கத்தரிக்காய்ப் பொரியலும் செய்து, ரெண்டு பெட்டியையும் அலுமாரிக்குள்ள வைச்சுப் பூட்டிப்போட்டு, அப்பா வயலுக்குக் கொண்டு போற பெரிய பெட்டிக்குள்ள ரெண்டு பேற்ற சாப்பாட்டையும் ஒண்டாப் போட்டன். யதுவின்ர கையில குடுத்துச் சொன்னன், பிரிச்சு இருத்தினா ஒருத்தி பட்டினி, அது நீயா இருக்கவேணும் எண்டு. யூலியானாவிட்ட போய், உன்ர சாப்பாடு யதுவின்ர பையுக்கை போட்டுது, வேணுமெண்டா பின்னால ஓடு எண்டன். முகத்தை நீட்டிக்கொண்டெண்டாலும் சப்பாத்தைக் கொழுவிக்கொண்டு வெளிக்கிட்டாள். இடைவேளைக்கு அவள் பழக்கத்தில பைப்படிக்குப் போயிருக்கிறாள். எங்கட பயந்தாங்கொள்ளி பெட்டியைத் தூக்கிக்கொண்டு பின்னால போய்ப் பக்கத்தில குந்தியிருக்கிறாள். ரீச்சர் வந்து, நீ ஏன் இஞ்ச எண்டு கேக்க, எங்களுக்கு ஒரு பெட்டிதான் ரீச்சர் எண்டாளாம். அவா பெட்டியை எட்டிப் பாத்திட்டு, வெயிலுக்கை இருந்து தின்னாதேங்கோ, ரெண்டு பேரும் உள்ளுக்கு வாங்கோ எண்டிட்டுப் போனவாவாம். இண்டைக்குக் காலமை யூலியானாவின்ர தகப்பன் வந்தவர். பிள்ளை கரைக்குப் போற கதையே எடுக்கேல்லை.

மாத்திச் சாப்பிடக்கூடாது எண்ட சட்டம் இன்னும் கிடக்கு, அதுக்கும் ஒருநாள் போவன். நீயும் நாளைக்கு ரீச்சராகி ஒரு வகுப்புக்குள்ள நிக்கப்போறாய், உன்ர வகுப்பில ஒரு பிள்ளையும் தனிய இருந்து பெட்டி திறக்கக்கூடாது, அது மட்டும் எனக்குச் செய். விமலேஸ்வரி ரீச்சருக்கு ஒரு போன் எடுத்துச் சுகம் கேள், எனக்காக மன்னிப்பு ஒண்டும் கேக்காதை. பிள்ளையார் துணை இருப்பார், நல்லாப் படி, நெஞ்சுக்குத் தைலம் பூசு. யது உன்னட்டைச் சொல்லச் சொன்னது, இப்ப அவளையும் மீன்பெட்டி எண்டுதான் கூப்பிடுறாளவையாம், அவள் ஓம் எண்டு திரும்பிப் பாக்கிறாளாம்.

உன்ர அம்மா
ஜெயரூபி