கடைசி பெஞ்சில் நீங்கள் உட்கார்ந்த நாள்

சார்,

இன்று விழுப்புரத்தில், என் பள்ளி ஆசிரியர் அறையில், யாரோ அவித்த வேர்க்கடலையை, நம்ம ஊர் மல்லாட்டையை, பிரித்தார்கள். அந்த வாசனை வந்ததும் கையிலிருந்த வேலையைப் போட்டுவிட்டேன். திண்டிவனம் பள்ளியில் நீங்கள் ஒரு தூக்கு நிறைய மல்லாட்டையை வைத்துக்கொண்டு, போகிற வருகிற எல்லோர் கையிலும் அள்ளித் திணித்தது அப்படியே கண்ணுக்குள் வந்தது. நீங்கள் இறந்துபோன பிறகு உங்களை நினைத்து நான் சிரித்தது இன்றுதான்.

நான் அங்கே தலைமையாசிரியையாக வந்தபோது நீங்கள் ஊறிப்போன கணக்கு வாத்தியார். தினமும் ஏதாவது ஒரு வகுப்பில் பத்து நிமிடம் நின்று பார்ப்பது என் பழக்கம். உங்களுக்கு அது வேப்பங்காய். நான் படியேறினாலே ஜன்னலோரப் பையன் இருமுவான். வாசலுக்கு வருவதற்குள் பலகையில் வட்டத்தின் பரப்பளவு ஏறியிருக்கும். பிள்ளைகள் மூச்சு விடாமல் ஒப்பிப்பார்கள். அடுத்த முறை போனாலும் அதே வட்டம். அதற்கடுத்த முறையும் அதே வட்டம்தான்.

"சார், இந்த வட்டம் எனக்கே மனப்பாடம் ஆயிடுச்சு. வேற ஏதாச்சும் போடுங்க" என்றேன். உங்களுக்கு மூக்குக்கு மேல் கோபம்.

"வாசல்ல நின்னுக்கினு சொல்றது ஈசி மேடம். நீங்க நடத்துங்க, நான் பின்னால குந்திக்கினு பாக்குறேன்!"

விடுவேனா? அறிவியல்காரிதான், ஆனாலும் சாக்பீஸை வாங்கிக்கொண்டேன். நீங்கள் கடைசி பெஞ்சில் அமுதாவின் பக்கத்தில் போய் உட்கார்ந்தீர்கள். அவள் கூட்டேரிப்பட்டில் டிபன் கடை வைத்திருக்கும் அம்மாவின் மகள். எல்லாப் பாடமும் வரும், கணக்கு மட்டும் வராது. "பத்தாவதுல கணக்கு போச்சுன்னா கடையில வந்து மாவு ஆட்டட்டும், அவ்ளோதான்" என்று அந்த அம்மா கறாராகச் சொல்லியிருந்தார். பொதுத்தேர்வு நெருங்கிக்கொண்டிருந்தது.

நான் பாதிக் கணக்கு போட்டிருப்பேன். "மேடம், நிறுத்துங்க! ஒண்ணும் தெர்ல!" என்று கத்தினீர்கள்.

வகுப்பே கொல்லென்று சிரித்தது. நீங்கள் சிரிக்கவில்லை. அங்கிருந்து பார்த்தால், ஜன்னல் வெயில் பலகையின் வலது பாதியில் விழுந்து பளபளத்து எழுத்தையே மறைத்தது. அங்கேதான் நீங்கள் வருடக்கணக்காக விடையை முடிப்பீர்கள். வாசலில் நின்ற எனக்கும் அது தெரிந்ததில்லை, பலகையோரம் நின்ற உங்களுக்கும் தெரிந்ததில்லை.

"ஏம்மா, இத நீ சொல்லவே இல்ல?" என்று அமுதாவைக் கேட்டீர்கள்.

"எனக்குத்தான் கண்ணு சரியில்லன்னு நெனச்சிக்கினு இருந்தேன் சார்."

உங்கள் முகம் வாடிப்போனது. ஆனால் வாடிக்கொண்டே உட்கார்ந்திருக்கிற ஆளா நீங்கள்? மறுநாள் காலை ஜன்னலில் அட்டை ஏறியிருந்தது. விடைகள் பலகையின் இடது பக்கத்துக்கு வந்துவிட்டன. வட்டம் ஒழிந்தது! என் அறைக்கே வந்து, "இனிமே முன்வாசல்ல வராதீங்க மேடம். பின்னால வந்து குந்துங்க. பத்து நிமிசம் போதும், எங்க கோட்ட உட்றேன்னு சொல்லிட்டுப் போங்க" என்றீர்கள். கணக்கு சாரே கூப்பிடுகிறார் என்றதும் மற்ற ஆசிரியர்களும் பயம் விட்டு அழைக்க ஆரம்பித்தார்கள். அப்புறம் நான் வருவதைப் பார்த்து ஒருவனும் இருமவில்லை.

ரிசல்ட் வந்த அன்று அமுதாவின் அம்மா தூக்கு நிறைய அவித்த மல்லாட்டையோடு வந்தார். "கணக்குலயும் பாஸ் ஆயிட்டா சார்! பதினொண்ணுல சேத்துக்கங்க" என்றார். நீங்கள் அதை எல்லோர் கையிலும் திணித்துவிட்டு, ஒன்றை உரித்துக்கொண்டே, "கண்ணு நல்லாத்தான் இருக்குது பாப்பாவுக்கு" என்றீர்கள்.

இப்போதும் வகுப்புக்குள் போனால் நேரே கடைசி பெஞ்சுக்குத்தான் போகிறேன். இன்றும் போனேன். புதிதாக வந்த கணக்கு டீச்சர் என்னைப் பார்த்துக் கொஞ்சமும் பதறவில்லை. பாதிக் கணக்கில் திரும்பி, "பின்னாடி இருக்கறவங்களுக்குத் தெரியுதா?" என்று கேட்டார்.

"தெரியுது மிஸ்!" என்று எங்கள் பெஞ்சு முழுக்கக் கத்தியது. அதில் என் குரல்தான் பெரிது, சார்.