கடல் தாண்டி வந்த கோடித்துணி

என் அக்கா பெற்ற மகாராணி, தியாகதுருகம் மலைக்கோட்டைக்குத் தளபதியாகப் பிறந்திருக்க வேண்டிய வசந்தாவுக்கு,

கல்வராயன் மலை ஜீப்புகளின் சக்கரவர்த்தியும் உன் தாய்மாமனுமான நான் எழுதுவது. இந்தக் கதையை வாசிக்கிற ஒருவரும் நம்பப்போவதில்லை என்று சத்தியம் செய்துவிட்டே ஆரம்பிக்கிறேன். நீ உயிரோடு இருந்தபோதே என்னை நம்பியதில்லை. பரவாயில்லை, கேள்.

உன்னைத் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. நீ மலைக்குக் கீழே ஷூ கம்பெனியில் தையல் பிரிவில் இருந்தாய். சங்கம் சேர்க்கப் பெண்களுக்காக வாட்ஸ்அப் குரூப் ஆரம்பித்தாய். கேட்டில் ஒவ்வொருத்தியும் போனைத் திறந்து காட்ட வேண்டும், குரூப்பில் இருந்தால் வேலை இல்லை என்று கம்பெனி சொன்னது. "அடுத்தவன் வூட்டு அடுப்பங்கரையில பூந்து பானையத் தொறந்து பாப்பானா மாமா? போனும் அப்டித்தான்" என்றாய். உலகத் தொழிற்சங்கம் அந்தப் பானையைப் பிடித்துக்கொண்டது. அந்த ஷூ விற்கும் கடைகளுக்கு முன்னால், எந்தெந்த நாட்டிலோ, யார் யாரோ அந்தப் பேச்சைத் தங்கள் மொழியில் அட்டையில் எழுதிப் பிடித்து நின்றார்கள்.

வெள்ளிமலைப் பெண்களுக்கு மேலே டவர் கிடைக்காது. வேலைக்கு என் ஜீப்பில் இறங்கும்போது ஒரு வளைவில்தான், நீ குரூப்பில் பேசி அனுப்பிய குரல் அவர்கள் போனில் வந்து விழும். அவர்கள் கேட்டு முடிக்க அங்கே நிறுத்தச் சொல்வாய். டீசல் என்ன உங்கப்பன் வீட்டுதா என்று முணுமுணுத்துக்கொண்டே நிறுத்துவேன்.

காமாலை உன்னைக் கொண்டுபோய்விட்டது. காரியத்தன்று அடிவாரத்து வீட்டில் உன் போன் அடித்தது. வெளிநாட்டுச் சங்கப் பெண்கள், கட்டம் கட்டமாக முகங்கள். உங்கள் ஊர் முறைப்படி நாங்கள் என்ன செய்ய வேண்டும் என்று கேட்கிறார்கள் எனச் சென்னைப் பெண் ஒருத்தி தமிழில் சொன்னாள். துக்கத்திலும் என் வாய் அரிப்பு அடங்குமா? செத்தவருக்குப் புதுசாகக் கோடித்துணி போடுவது சொந்தபந்தங்களின் முறை என்று சொல்லியிருக்கலாம். நான் சொன்னது வேறு. "கூட வேலை செஞ்சவங்க அத்தினி பேரும் கோடி போடணும்மா. இல்லாங்காட்டி செத்தவங்க மலை ஏற மாட்டாங்க." எல்லா முகங்களும் பயபக்தியோடு தலையாட்டின. அக்கா என்னை முறைத்தாள்.

துணி வந்தது பார்! கள்ளக்குறிச்சியிலிருந்து கச்சிராயபாளையம் வரை லாரி வரிசை. பார்சலுக்கு அடியில் மாட்டிய போஸ்ட்மேனைக் கயிறு கட்டி இழுத்தார்கள். கோமுகி அணைக்குப் போர்த்தியதுபோக மிச்சத்தில் கல்வராயன் மலை ரவிக்கை தைத்துப் போட்டுக்கொண்டது.

இந்த வைபவத்துக்கு முன்னாலேயே கம்பெனி சூப்பர்வைசர் பழத்தோடு வந்திருந்தார். உனக்கு அஞ்சலி பேனர் வைக்கிறார்களாம். உன் போனில் இருக்கும் படங்கள் வேண்டுமாம். "ஒரு நாள் குடுங்க, திருப்பித் தந்துடறோம்" என்றார். பேனர் என்றதும் உருகிவிட்டேன். என் படமும் ஓரமாக வருமா என்று கேட்டேன், வசந்தா. வாய்விட்டுக் கேட்டேன். அமாவாசை கழித்து வந்து போனை வாங்கிக்கொள்ளச் சொன்னேன்.

மறுநாள் அதை ஜீப்பில் பெருமையாகச் சொல்லிக்கொண்டு வந்தேன். உன் பக்கத்து மெஷினில் தைக்கிற சாந்தி முன்சீட்டில் இருந்தாள். சத்தம் போடாமல்தான் சொன்னாள்.

"அந்தப் போன்ல எங்க அத்தினி பேரு பேரும் கீது மாமா. கண்ணு மஞ்சளா பூத்துக்கினு வந்தப்பகூட கேட்ல அத்தத் தொறந்து காட்டாம திரும்பிப் போனா. நீங்க பேனருக்குக் குடுக்கறீங்களா?"

அந்த வளைவு வந்தது. நிறுத்தச் சொல்ல ஆளில்லை. நானும் நிறுத்தாமல் ஓட்டினேன். நிறுத்தினால் பின்னால் திரும்பி அவர்கள் முகத்தைப் பார்க்க வேண்டுமே.

சூப்பர்வைசர் சொன்னபடி வந்தார். போனைக் குரங்கு பிடுங்கிவிட்டது, பெரியார் அருவியில் விழுந்துவிட்டது என்று என் பையில் கதைகள் ரகம் ரகமாக இருந்தன. ஒன்றும் நாக்குக்கு வரவில்லை. "தர்றதுக்கில்லீங்க" என்றேன். என் ஆயுளிலேயே நான் பேசிய மிகச் சின்னப் பேச்சு. "அப்ப அந்தப் பொண்ணுங்க வேலைக்கு நான் பொறுப்பில்ல" என்று சொல்லிவிட்டுப் போனார். கேட்டில் இன்னும் போனைத் திறக்கச் சொல்கிறார்கள். சங்கம் இன்னும் விடவில்லை. சாந்திக்கு வேலை இருக்குமா, தெரியவில்லை.

இனி நிஜம். லாரி வரவில்லை. போஸ்ட்மேன் சுகமாக இருக்கிறார். ஒரே ஒரு துணி வந்தது. அது மட்டும் சத்தியம். அமாவாசைக்கு முன்தினம் வந்தது. எங்கோ உன்னைப் போலவே ஷூ தைக்கிற பெண்கள், வெட்டுத்துண்டுகளை ஒட்டி ஒட்டித் தைத்தது. ஒவ்வொரு துண்டிலும் வேறு வேறு கைத்தையல். என் விளையாட்டுப் பேச்சை வேதவாக்காக எடுத்துக்கொண்டு, வேலை முடிந்த கையோடு உட்கார்ந்து தைத்திருக்கிறார்கள். அதை உன் படத்துக்குப் போர்த்தும்போது உன் கண்ணைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.

வசந்தா மலை ஏறிவிட்டாளா என்று அவர்கள் கேட்கிறார்களாம். நான் என்ன சொல்லட்டும்?

சாந்தி இப்போது குரூப்பில் பேசுகிறாள். இனி அந்த வளைவில் யாரும் சொல்லாமலே ஜீப் நிற்கும். கடைசிப் பெண் கேட்டு முடிக்கிறவரை வண்டியை எடுக்க மாட்டேன். என் கோடி அதுதான்.

இப்படிக்கு,
கோடி போட்டவர்களில் கடைசி ஆளான உன் தாய்மாமன்