பதினேழு நகல்கள்

பிப்ரவரி 3, செவ்வாய்

பதிவேட்டுக்கு நகல் எடுப்பதையே நான் நிறுத்தச் சொன்னதாகப் பேசிக்கொள்கிறார்கள். தவறு. நகல் எடுப்பதற்காக வரிசையை நிறுத்தாதீர்கள் என்றுதான் எழுதிக் கொடுத்தேன். தினமும் பதினொரு மணிக்குக் கணினி நகல் எடுக்கும். அது முடியும்வரை ஒரு பெயரைக்கூடப் பதிய முடியாது. இது கண் மருத்துவமனை. கட்டுப் போட்ட கண்ணோடு நிற்பவர்களிடம் எத்தனை நாள்தான் பொறுக்கச் சொல்வது? என் கணவர் காலமான பின் ஒன்பது வருடமாகப் பதிவுப் பிரிவைச் சம்பளமில்லாமல் கவனிக்கிறேன். இதைச் சொல்லும் உரிமை எனக்கு உண்டு.

பிப்ரவரி 5, வியாழன்

கேட்டபடி செய்துவிட்டார்கள். முதல் கணினியில் பதிவதெல்லாம் உடனுக்குடன் இரண்டாவது கணினிக்கும் போய்விடுமாம். இனி நகல் அங்கிருந்து. இன்று கவுண்டர் ஒரு நொடிகூட நிற்கவில்லை.

கணினிக்காரருக்குக் கவுண்டர் பெண்கள் வைத்த பெயர் 'பத்து நிமிஷம்'. எதைக் கேட்டாலும் அதுதான் பதில். "இப்பத் திருப்தியாம்மா?" என்றார்.

"நகல் எடுத்தாச்சுன்னு தினமும் ஒரு தாள் அச்சடிச்சு என் மேஜைக்கு வரணும்."

"நீங்க கேட்டா கல்லுல வெட்டியே தரேன்."

பிப்ரவரி 12, வியாழன்

கருவிழி மாற்றுக்குக் காத்திருப்போர் பட்டியலில் ஒரு தையல்காரியை நானே பதிந்தேன். எண் அறுபத்தொன்று. "ஊசியில நூல் கோக்க மகளக் கூப்பிட வேண்டியிருக்கும்மா. அவ கட்டிக்கிட்டுப் போயிட்டா மாப்பிள்ளையத்தான் கூப்பிடணும்," என்று சிரித்தாள்.

பிப்ரவரி 20, வெள்ளி

தாள் வந்தது. 'வெற்றி.' கையெழுத்திட்டேன்.

மார்ச் 2, திங்கள்

காலை ஒன்பதரைக்கு முதல் கணினி செத்துப்போனது. நகலிலிருந்து மீட்டார்கள். பதிவுகள் பிப்ரவரி ஒன்பதோடு நிற்கின்றன.

ஒன்பதாம் தேதி மாலை, முதல் கணினியின் கடவுச்சொல்லை மாற்றியிருக்கிறார்கள்; இரண்டாவதில் மாற்ற மறந்துவிட்டார்கள். அன்றிலிருந்து அதற்கு ஒன்றும் போய்ச் சேரவில்லை.

"நகல் எடுத்ததுல தப்பே இல்லம்மா," என்றார் கணினிக்காரர், தலையைக் குனிந்துகொண்டு. "எடுத்த இடத்துலதான் புதுசா எதுவும் இல்ல."

மார்ச் 3, செவ்வாய்

பிப்ரவரி பத்திலிருந்து வந்த தாள்களை எடுத்துப் பார்த்தேன். ஞாயிறுகள் போகப் பதினேழு. ஒவ்வொன்றிலும் 'வெற்றி'க்குக் கீழே நகலின் அளவு அச்சாகியிருக்கிறது. பதினேழிலும் ஒரே எண், கடைசி இலக்கம்வரை. தினமும் ஆட்களைச் சேர்த்துக்கொண்டே இருந்தோம், அது எப்படிக் கூடாமல் இருக்கும்? பதினேழிலும் என் கையெழுத்து, தேதியோடு, அழகாக.

கான்வென்டில் வாசிக்காமல் கையெழுத்துப் போட்டால் முட்டிபோட வைப்பார்கள். நான் ஒருமுறைகூட முட்டி போட்டதில்லை. இப்ப என்ன பண்ணித் தொலைச்சேன்? கண்ணாடி மூக்குமேலதானே இருந்துச்சு —

மார்ச் 5, வியாழன்

தையல்காரி வந்தாள். "நீங்கதானம்மா டைப் பண்ணீங்க. அறுபத்தொண்ணுன்னு சொன்னீங்க. இப்ப கவுண்டர்ல அந்தப் பொண்ணு எம்பத்தி மூணுங்குது."

எண் எழுதிய சீட்டைக் காட்டினால் பழைய இடம், இல்லாதவர்களைப் புதிதாகக் கடைசியில்தான் சேர்க்கிறார்கள். இவள் சீட்டு? சேலை முந்தானையில் முடிந்து வைத்திருந்தாள், அப்படியே துவைத்துவிட்டாள். வெள்ளைக் கூழ்தான் மிச்சம்.

மேலாளரிடம் இந்த நாட்குறிப்பின் பக்கத்தைக் காட்டினேன். மரியாதையாகத்தான் பேசினார். "மேடம், நாளைக்கு ஆளாளுக்கு டைரி தூக்கிட்டு வருவாங்க. அந்த நாள்கள்ல நீங்க பதிஞ்ச மத்தவங்க பேரச் சொல்லுங்க, பாக்கலாம்."

சொல்ல முடியவில்லை. நாற்பது பேர் இருக்கும். சிரிக்க வைத்தவளை மட்டும் எழுதிவைத்திருக்கிறேன்.

திரும்பி வந்து அவளுக்குத் தண்ணீர் கொடுத்தேன்.

மார்ச் 7, சனி

மகன் தொலைபேசியில்: "சம்பளமா வாங்கினீங்க? விட்டுத் தள்ளுங்கம்மா."

மார்ச் 9, திங்கள்

கணினி என்னை உள்ளே விடவில்லை. என் பெயரை எடுத்துவிட்டார்களாம். என் நாற்காலியில் எண்பத்து மூன்று என்று சொன்ன கவுண்டர் பெண் உட்கார்ந்திருந்தாள், எழுந்து நின்றாள். உட்கார் என்றேன்.

மார்ச் 11, புதன்

இயக்குநருக்கு இன்று நேரில் கொடுத்த கடிதத்தின் படி:

ஐயா, பதினேழு சான்றுத் தாள்களையும் வாசிக்காமல் கையெழுத்திட்டது நான். தண்டனை எனக்கு இருக்கட்டும். பிப்ரவரி 12 அன்று ஒரு தையல்காரியைக் கருவிழிப் பட்டியலில் அறுபத்தொன்றாவதாகப் பதிந்தேன். அந்த மூன்று வாரங்களில் பதிந்து, சீட்டைத் தொலைத்தவர்கள் இன்னும் இருப்பார்கள். அவர்களை அழைத்து விசாரித்து, பழைய வரிசையில் சேர்ப்பீர்களா, மாட்டீர்களா? எதுவானாலும் எழுத்தில் பதில் தரவும்.