மச்சானின் இரண்டாவது கடை

ஐப்பசி, வெள்ளி இரவு.

மனைவியின் தம்பி குமார் இன்று சிதம்பரத்தில் இரண்டாவது கடை திறந்தான். என்னைப் போல, எரிந்துபோன மோட்டாருக்குச் செம்புக் கம்பி சுற்றிக் காயில் கட்டுகிறவன்தான். வேலையில் என் கால்தூசிக்குப் பெறமாட்டான்.

விழா முழுக்கச் சிரித்தபடி இருந்தான். அவன் போன் ஒருமுறைகூட அடிக்கவில்லை. என்னுடையது ஓயவே இல்லை. கடலூரில் என் கடையில் செம்புக் கம்பி இருக்கும் பீரோவின் சாவி என் இடுப்பில். அங்கே ஆட்கள் கம்பி எடுக்க வழியில்லாமல், என்னைக் கூப்பிட்டபடி சும்மா உட்கார்ந்திருந்தார்கள்.

"உன் கடையில கம்பி எங்கடா இருக்கும்?" என்று கேட்டேன்.

"தொறந்த அலமாரியிலதான் மாமா."

"திருட மாட்டானுங்களா?"

"போனா கொஞ்சம் போவட்டும் மாமா. நான் காவல் காத்துக்கிட்டு இருந்தா ரெண்டாவது கடை எப்புடி வரும்?"

திரும்பும்போது பஸ்ஸில், "தம்பி சொல்றது சரிதானேங்க?" என்றாள் மனைவி. நான் இடுப்பில் சாவி இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்தேன்.

சாவி இப்போது தலையணைக்கடியில் இருக்கிறது. அவன் கடையில் ஒரு கம்பிச் சுருளாவது காணாமல் போகட்டும்.