கூரையில் விழாத விண்கல்

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் நலம், என் மானம் மட்டும் கப்பலேறிவிட்டது, நீ அங்கே சுகம்தானே. விடுமுறைக்கு நீ வருகிறாயா இல்லையா என்று தெரியாமல் நாங்கள் விழித்துக்கொண்டிருந்த வாரத்தில், பின்பக்கத் தகரக் கூரையில் சருகு கூட்ட ஏறினேன். தேங்காயளவில் ஒரு கறுப்புக் கல் கிடந்தது. கருகி மினுமினுத்து, நீ சொல்வாயே, அந்த விண்கல் மாதிரியே இருந்தது. உனக்குப் படம் அனுப்பினேன், பதில் வரும்வரை பொறுத்தேனா? எதிர்வீட்டுத் தையல்காரரையும் உன் சித்தப்பாவையும் உட்காரவைத்து, நீ எனக்குச் சொன்னதையெல்லாம் நானே கண்டுபிடித்த மாதிரி அளந்துவிட்டேன். சூரியனே சின்னப்பிள்ளையாக இருந்த காலத்தில் தூசி உருகித் துளித்துளியாக மிதந்தது, சட்டென்று ஆறின துளிக்குள் படிகம் அவசரப்பட்டுக் குச்சிகுச்சியாக நீண்டுவிடும், மெதுவாக ஆறினதற்குள் மூலை முனையோடு நிதானமாக வளரும், அப்படிப்பட்ட உருண்டைகள் ஒட்டிச் சேர்ந்ததுதான் இந்தக் கல் என்றேன். தையல்காரர் எழுந்தே நின்றுவிட்டார். சித்தப்பா மட்டும், "அண்ணே, அவ்வளவு உசரத்துல இருந்து விழுந்தா தகரம் ஓட்டையாகி இருக்கணுமே" என்றான். உனக்கு எப்பவும் குதர்க்கம்டா என்று அடக்கினேன்.

அந்த நேரம் பார்த்து உன் பதில் வந்தது, உடைத்துப் பாருங்கள், உள்ளே கடுகு மாதிரி உருண்டைகள் தெரிகிறதா என்று. சுத்தியலால் ஒரே போடு. உருண்டையைக் காணோம், ரொட்டி மாதிரி பொத்தல் பொத்தலாக இருந்தது. அம்மா ஈரக்கையோடு வந்து எட்டிப் பார்த்து, "இது உங்க பட்டறைக் கசடுல்ல? போன புயலுக்குத் தகரம் பறக்காம இருக்க நீங்கதானே கொண்டாந்து வச்சீங்க" என்றாள். ஆயுசெல்லாம் வார்ப்புப் பட்டறையில் இரும்பை உருக்கிக் கசடு வழித்தவனுக்கே அடையாளம் தெரியவில்லை. சித்தப்பா சிரித்துச் சிரித்துப் புரையேறி, அவனுக்கு நானே தண்ணீர் மொண்டு கொடுக்கவேண்டியதாயிற்று. இப்போது தெருவில் என் பேர் விண்கல்லார். சட்டை தைக்கப் போனால் தையல்காரர், "மேல இருந்து வேற ஏதாச்சும் வந்துச்சா?" என்கிறார்.

நேற்று போனில், உன் ஆய்வுக்கூடத்து உலைக்குள் வளர்கிற படிகம் மெதுவாக ஆறவேண்டும், விட்டுவிட்டு வந்தால் கெட்டுவிடும், இந்தத் தடவை வரமுடியாது, கோபமாப்பா என்றாய். எனக்குத் தெரியாத உலையா, இருந்து முடி என்று பெரிய மனுஷன் மாதிரி சொன்னேன். அம்மாதான் முகத்தைத் தூக்கி வைத்திருக்கிறாள், அவளிடம் நீயே பேசு. கறுப்புக் கண்ணாடி போடாமல் உலைக்குள் எட்டிப் பார்க்காதே. படிகம்தான் மெதுவாக ஆறவேண்டும், சோற்றைச் சூடாகவே சாப்பிடு. நன்றாக இரும்மா, தொட்டதெல்லாம் நல்லபடி வளரட்டும்.

போனில் சொல்லாதது ஒன்று. அந்தக் கல்லைக் கையில் எடுத்ததும் தையல்காரரோ தெருவோ ஞாபகத்துக்கு வரவில்லை. நிஜமாகவே வானத்துக் கல்லாக இருந்தால், இதைப் பார்க்கவாவது நீ ஓடி வருவாய் என்றுதான் தோன்றியது.

உன் அப்பா