உடல்நலம் தேறும்வரை

மார்ச் 4

அண்ணாவுக்கு,

குணப்படுத்தினால் கொன்றுவிடுவார்கள், குணப்படுத்தாவிட்டால் தானே செத்துவிடுவான் என்று ஒருவன் கிடந்தால், வைத்தியம் பார்ப்பவள் என்ன செய்ய வேண்டும்? எனக்குத் தெரியவில்லை. நான் தெரியாது என்று சொல்வதே அதிசயம் என்று சிரிப்பாய். சிரித்துக்கொள்.

எங்கள் சிறை ஆஸ்பத்திரியில் ஒரு வெல்டர் கிடக்கிறான். தன் தம்பியை அடித்த காண்டிராக்டரை இரும்புக் குழாயால் அடித்துக் கொன்றவன். செய்ததை மறுக்கவில்லை. தூக்குக்கு நாள் குறித்த வாரத்தில் நிமோனியா வந்துவிட்டது. இந்த மாநிலத்தில் நோயாளியைத் தூக்கிலிடக் கூடாது. தேறிவிட்டான் என்று நான் கையெழுத்துப் போட வேண்டும். அதன் பிறகு கொல்லலாம். ஜெயில் சூப்பிரண்டு தினமும் போன் செய்கிறார். "என்ன டாக்டரம்மா, ஆள் ரெடியா?" அடுப்பில் சோறு வெந்துவிட்டதா என்று கேட்கிற குரல்.

ஊசி போட்டுக்கொண்டுதான் இருக்கிறேன். காய்ச்சல் இறங்குகிறது. இறங்குகிறதே என்று எரிச்சல்படும் டாக்டரை நீ பார்த்திருக்கிறாயா? கல்லூரியில் சட்டம் சொல்லிக்கொடுக்கிறவன் நீ. பதில் சொல்.

தங்கை


மார்ச் 11

அன்புள்ள ஊமைக்கோட்டானுக்கு,

"நலம், நலமறிய ஆவல்" என்பதோடு முடித்துக்கொள்கிறவள் இவ்வளவு எழுதியிருக்கிறாய். கோபம் புரிகிறது.

ஆற்றுக்கு அக்கரையில் இருக்கும் மாநிலத்தில் உன் வெல்டருக்கு இந்தச் சலுகையும் கிடையாது. அங்கே நாற்காலியில் கட்டிவைத்துச் சுடுவார்கள். நிற்கவே தேவையில்லாதபோது நோய் என்ன தடை? அதற்கு அடுத்த மாநிலத்தில் விஷ ஊசி. டாக்டர் பக்கத்தில் நிற்க வேண்டும், ஊசியைத் தொடக் கூடாது. இன்னொரு நாட்டில் நாளைச் சொல்லவே மாட்டார்கள். கதவு திறந்தால்தான் தெரியும். நான் இருக்கும் நாட்டில் இருபது வருஷமாக இந்தத் தண்டனையே இல்லை. குற்றம் ஒன்றுதான். எந்தக் கரையில் நின்று அடித்தான் என்பதுதான் அவன் தலையெழுத்து. இதில் ஒவ்வொரு அரசாங்கமும் தன் முறைதான் நாகரிகமானது என்று மார்தட்டுகிறது. வகுப்பில் இதைச் சொல்லும்போது வாய் கசக்கிறது.

உங்கள் சட்டசபையில் அடுத்த மாதம் தூக்கை ஒழிக்கும் மசோதா வருகிறது. நிறைவேறிவிடும் என்கிறார்கள். அதுவரை 'தேறவில்லை' என்றே எழுது.

உன் அண்ணி எட்டிப் பார்த்துவிட்டு, "அவ வேலை போயிடாதா?" என்றாள். போகட்டும் என்றேன். "சொல்ல நீங்க, மாட்டிக்க அவளா?" என்று பாய்ந்தாள்.

அண்ணன்


மார்ச் 19

அண்ணாவுக்கு,

அண்ணி சொன்னதுதான் சரி. தூக்குக் கயிறே இல்லாத ஊரில் இருந்துகொண்டு யோசனை சொல்வது சுலபம். இத்தனை வருஷ வேலையில் ஒரு பொய்ச் சான்றும் எழுதாதவள் நான். எழுதிவிட்டேன். கையெழுத்தும் வழக்கம்போலவே விழுந்தது. அதுதான் எனக்கு ஆச்சரியம்.

வெல்டரிடம் எதுவும் சொல்லவில்லை. சொன்னால் அவனும் பொய்க்கு உடந்தை. மாட்டினால் அவனையும் சேர்த்து உலுக்குவார்கள். பலவீனம், கட்டிலைவிட்டு இறங்காதே என்று மட்டும் சொல்லியிருக்கிறேன். "பசிக்குதும்மா" என்கிறான். இரண்டு தட்டு சாப்பிடுகிறான். வார்டரிடம், "மருந்துச் சூடு, அப்படித்தான் பசிக்கும்" என்று சொல்லிவைத்தேன். அதையும் நம்பினார். பொய் சொல்லப் பழகிவிட்டால் நாக்கு தானாக ஓடுகிறது.

தங்கை


மார்ச் 28

அண்ணாவுக்கு,

நேற்று முன்தினம் சூப்பிரண்டு வார்டுக்கே வந்துவிட்டார். வெல்டரின் கட்டில் பக்கத்திலேயே நின்று கத்தினார். "மூணு வாரமா ஒரு சளியை எடுக்கத் தெரியலையா? எந்தக் காலேஜ்லம்மா படிச்சீங்க? வேலை தெரிஞ்ச டாக்டர் யாரையாவது கூப்பிடவா?"

வழக்கம்போல நான் தலையைக் குனிந்து மருந்துச் சீட்டைப் புரட்டினேன். அவனுக்குத்தான் பொறுக்கவில்லை. போர்வையைத் தள்ளிவிட்டு எழுந்தான்.

"அம்மாவை ஒண்ணும் சொல்லாதீங்க சார். சாகக் கிடந்தவன் நான். இப்பப் பாருங்க."

ஜன்னல்வரை நடந்தான். திரும்பி வந்தான். மூச்சு வாங்கவில்லை. என் மானத்தைக் காப்பாற்றிவிட்ட திருப்தியோடு என்னைப் பார்த்துச் சிரித்தான்.

அவனுக்காகக் கோபப்பட்ட நாம் இருவரும் காகிதத்தில் எழுதிக்கொண்டிருந்தோம். எனக்காகக் கோபப்பட்டவன் எழுந்து நடந்துவிட்டான்.

தேறிவிட்டான் என்று எழுதச் சொன்னார் சூப்பிரண்டு. மாட்டேன் என்றேன். "அதான் கண்ணால பார்த்தோமே?" "பார்த்தோம் சார். நான் எழுத மாட்டேன்." என்மேல் விசாரணை வரும். வரட்டும். இதற்குப் பதில் எழுதாதே, அண்ணா. முடிந்தால் நேரில் வா.

மறுநாள், அதாவது நேற்று, நடந்தது இது. அரசாங்க ஆஸ்பத்திரியிலிருந்து வேறொரு டாக்டரை அழைத்து வந்தார்கள். அவர் வெல்டரின் முதுகில் ஸ்டெதஸ்கோப்பை வைத்தார். மூச்சை இழு என்று சொல்வதற்கு முன்பே அவன் ஆழமாக இழுத்தான்; நான் பழக்கியது. டாக்டர் கையெழுத்துப் போட்டார். "ரெண்டு நுரையீரலும் சுத்தமா இருக்கு மேடம். ரொம்ப நல்லா வைத்தியம் பார்த்திருக்கீங்க" என்றார். மனதாரத்தான் சொன்னார். மாலையில் அவனைத் தூக்கிலிட்டார்கள்.

தங்கை